தண்மை உண்டவர்கள்

இதைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே ஐயமுண்டு. நடந்தவை எல்லாம் இருக்கின்றன. யார் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன சொன்னார்கள், மின்விசிறி எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்பது வரை இருக்கிறது. ஆனால் மருந்து உண்ட அந்த ஒன்றரை ஆண்டில் எதற்கு எவ்வளவு எடை என்று தெரியவில்லை. ஒரு சாவுச் செய்தியும் வீட்டில் பால் தீர்ந்துபோனதும் என் நினைவில் ஒரே அளவில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இப்போது எழுதும்போது இன்றைய மனத்தை எடுத்துக்கொண்டுபோய் அங்கே வைத்துவிடுகிறேனோ என்று தோன்றுகிறது.

வியாழக்கிழமை காலைகளில் எங்கள் உடன்வட்டம் கூடும். தூத்துக்குடியில் கடல்சுவரை ஒட்டியிருந்த சமுதாயக் கூடம். நாங்கள் எட்டுப் பேர், எல்லாரும் தண்மை என்ற மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். வெப்ப ஆண்டுகளுக்குப் பிறகு உப்பளத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்களுக்கு நரம்பெரிச்சல் நோய் வந்தது. உள்ளங்காலில் தொடங்கி மேலே ஏறும். கடல்மட்ட அளவுப் பிரிவில் நாளெல்லாம் சுவர்மேல் நடந்த எனக்கும் வந்தது. தண்மை அந்த எரிச்சலை ஒரே வாரத்தில் அணைத்தது.

முன்பெல்லாம் ஒரு மருந்தைச் சோதிக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வார்களாம். எங்கள் காலத்தில் கணிப்பொறிகள் வாரத்துக்கொரு மருந்தை வடிவமைத்தன. ஊருக்கு ஊர் இருந்த வார்ப்பகங்கள் அவரவர் உடம்புக்கேற்ப மாத்திரையை வார்த்துக் கொடுத்தன. சோதிக்க நேரமில்லை. உண்பவர்களே சோதனை என்றாகிவிட்டது. அப்படியானால் நிறுத்தும் உரிமையும் எங்களுக்கே வேண்டும் என்று நோயாளிகள் தெருவில் இறங்கிப் போராடி வாங்கிய சட்டம்தான் மருந்துக்காவல் சட்டம். ஒரு மருந்தை எடுப்பவர்கள் வட்டமாகச் சேரவேண்டும். வாரம் ஒருமுறை கூடி அவரவர் உடம்பில் உணர்ந்ததைச் சொல்லவேண்டும். மருந்தை எடுக்காத எவருக்கும் அங்கே பேச்சில்லை. மருத்துவர், மருந்து செய்பவர், குடும்பத்தார் எல்லாரும் ஒரு காலத்தில் நோயாளிக்காகப் பேசுகிறோம் என்று சொல்லி நோயாளியின் வாயை அடைத்தவர்கள். அதனால் அந்தக் கதவு இறுக மூடப்பட்டது.

மேசை நடுவில் செவி என்ற கருவி இருக்கும். எங்கள் கைப்பட்டைகள் தோல்வழியே இரத்தத்தைப் பார்த்து, இவர் தண்மை உண்டவர் என்று அதற்குச் சொல்லும். உண்டவர் பேசினால் அதில் பச்சை விளக்கு எரியும். சொன்னது மருந்துக்காவல் தலைமையகத்துக்குப் போகும். மற்றவர் எவ்வளவு கத்தினாலும் எரியாது. பேசுமுன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மௌனமாக இருக்கலாம், அவசரப்படுத்தக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்கு அந்த மௌனம் பிடிக்கும்.

சட்டத்தின் பலம் ஒன்றுதான். ஒரு வட்டத்தில் ஒருவர் விடாமல் எல்லாரும் "நிறுத்து" என்றால், அந்த மருந்தின் சூத்திரம் நாடு முழுவதும் பூட்டப்படும். விலக்கு கிடையாது. நிறுத்தப்பட்ட மருந்துகள் முன்பு விலக்கு என்ற சந்தின் வழியாகத்தான் மறுபடி கடைக்கு வந்தன என்பதால் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

எங்கள் வட்டத் தலைவர் பேச்சிமுத்து, பேருந்துப் பணிமனைக்காரர். விக்கலைப் பற்றிக்கூடக் கதையாகச் சொல்வார்.

"நேத்து மத்தியானம் சோறு தின்னுட்டு எந்திரிக்கேன், விக்கல். தண்ணி குடிச்சேன், நிக்கல. மூச்ச புடிச்சேன், நிக்கல. பயந்துபோயி பக்கத்து வீட்டு நாயி வேற கொலைக்கி."

"அத்தை நெனச்சிருப்பாவ மாமா," என்றாள் டெல்பின்.

"அவ எங்க நெனைக்கா? எதுத்தாப்ல ஒக்காந்து டிவி பாக்கா."

எல்லாரும் சிரித்தோம். பச்சை விளக்கும் எரிந்தது. இதை முக்கியமாகச் சொல்லவேண்டும். தண்மை எங்கள் சிரிப்பைக் குறைக்கவில்லை. அறிவையும் குறைக்கவில்லை. அதனால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த ஆண்டு நாட்டிலேயே மிக நல்ல பெயர் வாங்கிய மருந்து தண்மைதான். உண்டவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: நிம்மதி.

டெல்பின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். வயதில் எங்கள் எல்லாருக்கும் இளையவள். அவளுக்கு நோய் மார்புவரை ஏறி, மூச்சை இழுக்கும் நரம்புகளைத் தொட்டிருந்தது. எங்களுக்குத் தண்மை எரிச்சலை அணைக்கும் மருந்து. அவளுக்கு அது மூச்சு. வேறு மருந்து இல்லை.

ஷம்ஷாத் திரும்பி வந்த வியாழக்கிழமையில்தான் எல்லாம் தொடங்கியது. எங்கள் வட்டத்துப் பெண்மணி, தையற்கடை வைத்திருந்தவர். பித்தப்பை அறுவைக்காகத் தண்மையை நிறுத்தியிருந்தார்கள். மறுபடி தொடங்க மருத்துவர் நாள் குறித்திருந்தார். அதற்குமுன் எங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். உள்ளங்கால் எரிய, பிளாஸ்டிக் வாளியில் ஐஸ் போட்டு அதில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார்.

"தளவாய் அண்ணன் எங்க? லோடு எடுத்துட்டுப் போயிருக்காவளா?"

"செத்துப்போயிட்டாரே," என்றார் பேச்சிமுத்து. "நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப. நெஞ்சு வலி."

"யா அல்லா! ஒரு வார்த்த சொல்லலியே. அடக்கத்துக்குப் போனியளா?"

நாங்கள் யாரும் போகவில்லை. மறைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போகவில்லை என்பது சொல்லும் அளவுக்கு ஒரு செய்தியாகவே படவில்லை.

"அவிய பொஞ்சாதி இங்க வந்து கைப்பட்டையக் குடுத்தாவ," என்றாள் டெல்பின். "வாசல்ல நின்னு அழுதாவ. மாமா, மேசையில வெச்சிட்டுப் போங்கன்னு சொன்னாரு."

"கூட்டம் நடந்துக்கிட்டு இருந்துச்சுலா," என்றார் பேச்சிமுத்து.

ஷம்ஷாத் அவரையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நயினார் அண்ணாச்சி, மதினி சொகமா இருக்காவளா?"

"கோவில்பட்டிக்குப் போயிட்டா. அவ அக்கா வீட்டுக்கு."

"எப்ப?"

"பங்குனியில."

"என்ன சண்ட?"

"சண்ட ஒண்ணும் இல்ல."

"பொறவு ஏன் போனாவ?"

"கேக்கல," என்றேன்.

அவர் வாளியிலிருந்து காலை எடுத்தார். நீர் தரையில் ஓடியது. "நானும் இப்பிடித்தான் இருந்திருக்கேன்," என்றார். "எம் மவளுக்குப் பிரசவ வலி எடுத்து உம்மா உம்மான்னு போன்ல கத்துறா. நான் கையில இருந்த சட்டைக்கு பட்டன் வெச்சு முடிச்சிட்டுத்தான் கெளம்பினேன். அப்ப அது தப்பாவே படல. மருந்த விட்டு நாலஞ்சு நாள்ல ஒரு காலையில அது நெனப்பு வந்துச்சு பாருங்க, அப்பிடியே ஒடம்பு ஆடிப்போச்சு. இந்த மருந்து நெருப்ப மட்டும் அணைக்கல. அடுத்தவங்க மேல இருக்கிற பதட்டத்தையும் சேத்து அணைச்சிருது." செவியின் பக்கம் குனிந்தார். "ஏ பொட்டி, கேட்டியா? இத எழுதிக்க."

விளக்கு எரியவில்லை. அவர் இன்னும் உரக்கச் சொன்னார். எரியவில்லை.

"உங்க ரத்தத்துல மருந்து இல்லலா அக்கா," என்றாள் டெல்பின் உதவுகிற குரலில்.

"இருந்திருந்தா நான் இதச் சொல்லவே மாட்டேனே, கூறுகெட்டவளே!"

அவர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. ஆனால் அறிவுக்குச் சரியாகப் பட்டது. உடம்பு உணர்ந்ததை மட்டும் சொல்லவேண்டும் என்று நாங்களே போட்ட விதி. உணராமல் போனதை எந்த உடம்பு சொல்லும்? பார்க்க முடிந்தவர்கள் எல்லாரையும் நாங்களே கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம். உரிமை உள்ளவருக்குத் தெரியாது, தெரிந்தவருக்கு உரிமை இல்லை. ஒரு கணக்குப் புதிரை விடுவிப்பதுபோல்தான் அன்று நான் அதை யோசித்தேன்.

வழி ஒன்று இருந்தது. மருந்தை விட்டாலும் அது இரத்தத்திலிருந்து முழுதும் வடியப் பத்து நாள் போல ஆகும். அதுவரை கைப்பட்டை நம்மை உண்டவராகவே எண்ணும். ஷம்ஷாத் சொன்னபடி மனத்தின் மேலுள்ள பிடி அதற்கு முன்பே தளர்ந்துவிடும். அந்த இடைவெளியில் கூடினால் பார்க்கவும் முடியும், விளக்கும் எரியும்.

"மருந்து விரதம்," என்றார் பேச்சிமுத்து. "நம்ம வீட்டுல சஷ்டிக்கே ஒழுங்கா இருந்ததில்ல."

எல்லாரும் ஒப்புக்கொண்டோம். தண்மை உண்டவர்கள் எதற்கும் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். டெல்பின் மட்டும் கையை விரித்தாள். "நான் விரதம் இருந்தா செத்துருவேன்லா. நீங்க இருங்க. நான் வந்து ஒக்காந்திருக்கேன்."

முதல் இரண்டு நாட்கள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் உள்ளங்காலில் எரிச்சல் வந்தது, மதிய வெயிலில் உப்புப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்பதுபோல. நாலாம் நாள் காலை காப்பி போட்டேன். பழக்கத்தில் இரண்டு தம்ளர் எடுத்திருந்தேன். இரண்டாவது தம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பங்குனியிலிருந்து நாள்தோறும் இரண்டு எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்திருக்கிறேன். அன்றுதான் அதைத் திரும்ப வைக்க முடியவில்லை. போனில் மனைவி செண்பகத்தைக் கூப்பிட்டேன்.

"எதுக்கு இப்ப?" என்றாள்.

"நீ ஏன் போன?"

"தெரியாமலா கேக்கிய?"

"தெரியல செண்பகம். சத்தியமா தெரியல."

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். கை ஒடிஞ்சு கெடந்தேன். சத்தம் கேட்டு வந்திய. குனிஞ்சு பாத்திய. குழாய்ல தண்ணி போயிட்டு இருந்துச்சு. அத மூடிட்டுப் போயிட்டிய."

எனக்கு அது நினைவிருந்தது. திறந்திருந்த குழாய், தண்ணீர் வீணாகிறதே என்ற எண்ணம், அதன் திருகு கையில் வழுக்கியது, எல்லாம் தெளிவாக இருந்தன. அவள் தரையில் கிடந்ததும் இருந்தது, ஆனால் குழாய்க்குப் பின்னால், வாளி கிடந்ததுபோல. போனை வைத்த பிறகு நான் செய்தவற்றை எழுதப்போவதில்லை.

அதே வாரம் பேச்சிமுத்து தளவாய் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுதாராம். அந்த அம்மா அவரை உள்ளே வா என்று சொல்லவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் டெல்பினின் தாய் அமலோற்பவம் என் வீட்டுக்கு வந்தார். மீன் ஏலக்கூடத்தில் வேலை. நேரே அங்கிருந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, நாளைக்கு மருந்த நிறுத்தப் போறியளாமே."

"பேசணும்மா. இன்னும் முடிவாகல."

"எம் மவ நிறுத்துன்னுதான் சொல்லுவா. இப்பவே வீட்டுல பாட்டு மாதிரி சொல்லிட்டுத் திரியுதா. அவ வாயில வருதது அவ பேச்சு இல்ல. மருந்து பேசுது. அத நம்பி எம் புள்ளயக் கொன்னுராதிய."

"உங்களுக்கும் தெரியும்லாம்மா, அந்த மருந்து என்ன செய்யுதுன்னு."

"எனக்குத் தெரியாதா? அவ அப்பா கடல்ல போனப்ப படகு திரும்பலன்னு சொன்னதுக்கு, சோறு ஆறிப்போகுதும்மான்னு சொன்னவ அவ. நான் அடிச்சு அழுதேன், பக்கத்துல ஒக்காந்து தின்னா. எனக்கு அது போதும் அண்ணாச்சி. திங்கட்டும். என்னய ஏறெடுத்துப் பாக்காண்டாம். மூச்சு விட்டா போதும்."

அவர் சொல்வது எந்தச் செவியிலும் ஏறாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் எல்லாரும் கால்களை ஐஸ் வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஷம்ஷாத்தும் வந்திருந்தார். மறுபடி மருந்தைத் தொடங்க மறுத்திருந்தார், ஆகவே பேச்சுரிமை இல்லாமல் சுவரோரமாக. டெல்பின் மட்டும் செருப்புக் காலோடு, சுகமாக, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்.

பேச்சிமுத்துவால் தொடங்க முடியவில்லை. "ஏ புள்ள," என்றார் டெல்பினிடம், "ஒன்னய நெனச்சாத்தான் நாக்கு வரமாட்டேங்கு. நாங்க அஞ்சு பேரு நிறுத்துன்னாலும், நீ வேண்டாம்னா நிக்காது. தெரியும்லா?"

"தெரியும் மாமா. நான் நிறுத்துன்னுதான் சொல்லுவேன்."

"ஏன்?"

"லட்சம் பேரு இத திங்காவ. அதுல பஸ் ஓட்டுதவிய இருப்பாவ. நர்ஸுங்க இருப்பாவ. நானே கிரேன் ஓட்டுதேன். கீழ ஒருத்தன் நின்னான், போன மாசம். பெட்டிய நிறுத்தல. அவன் ஓடிட்டான், தப்பிச்சிட்டான். ஓடலன்னாலும் நான் எறக்கிருப்பேன். கணக்குப் போட்டா சரியாத்தான வருது?"

கணக்கு சரியாக வந்தது. எங்களில் யாருக்கும் அது போதவில்லை. அவள் சொல்வது அவளே சொல்வதுதானா என்று அறிய ஒரே வழி, அவள் மருந்தை விடுவது. விட்டால் அவள் இருக்கமாட்டாள்.

டெல்பின் சுவர்ப்பக்கம் திரும்பினாள். "ஷம்ஷாத்தக்கா, நான் போனா நீங்க அழுவியளா?"

"ஏன்டி இப்பிடி கேக்குற?"

"சும்மாதான். அது எப்பிடி இருக்கும்னு மறந்துபோச்சு."

ஷம்ஷாத் எழுந்து எரியும் காலோடு நடந்துவந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். டெல்பின் மறுக்கவில்லை. அசௌகரியமான சட்டையைப் போட்டுக்கொண்டவள்போல் அசையாமல் இருந்தாள். அப்படியே, அந்தப் பிடிக்குள்ளிருந்தே, "நிறுத்து" என்றாள். விளக்கு எரிந்தது.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சிலர் அழுதுகொண்டே. நான் கடைசி. என் மௌனம் எவ்வளவு நீண்டது என்று எனக்குத் தெரியாது. வெளியே அமலோற்பவம் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகம் கிடந்த தரையை நினைத்தேன். இந்த நிமிடத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் குழாயை மூடிவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தும் வாய் எழவில்லை. மருந்து உண்டிருந்தால் எளிதாகச் சொல்லியிருப்பேன் என்பதுதான் அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்று.

சொன்னேன். மறுநாள் காலை நாட்டின் எல்லா வார்ப்பகங்களிலும் தண்மையின் சூத்திரம் பூட்டப்பட்டது.

டெல்பினிடம் கையிருப்பு ஒரு வாரத்துக்கு இருந்தது. அது தீர்ந்து சில நாட்களில் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மருத்துவமனையில் செயற்கை மூச்சுக்குக் குழாய் போடுவதற்கு முன். கட்டிலில் முதுகை உயர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

"நான் சொன்னேன்னு நீங்க எப்பிடிக் கேட்டிய?" என்றாள். மூச்சு ஒவ்வொரு சொல்லுக்கும் அறுந்தது. "அன்னைக்கி நான் சொன்னது நான் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும்லா. எல்லாருக்கும் தெரியும்லா. எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. எங்க அப்பாவுக்கு நான் இன்னும் அழுது முடிக்கல. எனக்கு நேரம் இல்ல."

நான் அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். "போங்க," என்றாள். எழுந்து கதவுவரை போனபோது, "நாளைக்கி வாங்க," என்றாள். போனேன். அன்றும் போகச் சொன்னாள், மறுநாளும் வரச் சொன்னாள்; குழாய் போட்ட பிறகு இரண்டையும் கையால் காட்டினாள். வட்டத்தில் எல்லாரும் முறைவைத்துப் போனோம். எங்கள் யாரையும் அவள் மன்னிக்கவில்லை. யாரையும் வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவள் கிறிஸ்துமஸுக்கு முன் இறந்தாள். எல்லாரும் அடக்கத்துக்குப் போனோம்.

பின்னர் நடந்த விசாரணையில் ஷம்ஷாத் சொன்னதே உறுதியானது. தண்மை உண்ட காலத்தில் நடந்த விபத்துகள், கைவிடப்பட்ட நோயாளிகள், கேட்கப்படாத அழுகைகள் எல்லாவற்றையும் கணக்கெடுக்க ஒரு குழு அமைத்தார்கள். அது இன்னும் முடியவில்லை. இரண்டாண்டு கழித்து, மனத்தைத் தொடாத வேறொரு மருந்து வந்தது. அது டெல்பினுக்கும் பயன்பட்டிருக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பேச்சிமுத்து பணி ஓய்வு பெற்று மகனோடு மதுரையில் இருக்கிறார். ஷம்ஷாத் தையற்கடையை மகளிடம் கொடுத்துவிட்டுப் பேரனைப் பார்த்துக்கொள்கிறார். செண்பகம் திரும்பி வரவில்லை. மாதம் ஒருமுறை நான் கோவில்பட்டிக்குப் போகிறேன், காப்பி தருகிறாள்.

சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஒவ்வொரு வட்டத்திலும் மருந்து உண்ணாத ஒருவருக்கு இடமுண்டு, அவர் பேசினாலும் விளக்கு எரியும். புதிய மருந்துக்காக மறுபடி கூடிய எங்கள் வட்டத்தில் அந்த இடத்துக்கு அமலோற்பவம் தாமாகவே கேட்டு வந்தார். ஒரு வியாழக்கிழமையும் தவறியதில்லை. ஏலம் முடிந்து வந்து உட்கார்ந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகக் கூர்ந்து பார்ப்பார், பார்த்ததைச் சொல்வார். மற்றவர்களைப் பெயர் சொல்லிச் சொல்வார். என்னை மட்டும் "அந்த ஆளு" என்பார்.